'லிங்க்' என்ற ஆங்கிலச் சொல்: பொருளும் பயன்பாடும், படிப்படியாக

"லிங்க் அனுப்புங்க" என்று சொல்லாத நாளே இன்று அநேகமாக யாருக்கும் இல்லை. தெரிந்த சொல் என்று நினைக்கிறோம். ஆனால் ஆங்கிலத்தில் ஒரு அறிக்கை எழுத உட்கார்ந்தால், இதற்குப் பின்னால் 'டு' போடுவதா 'வித்' போடுவதா என்று கை நின்றுவிடும். ஒரு மருத்துவச் செய்தியைத் தமிழாக்கும்போது இதே சொல் தலைகீழான பொருளைத் தந்து ஆளை ஏமாற்றும். மொழிபெயர்ப்பில் நான் செய்த தவறுகளில் வெட்கப்பட வேண்டிய ஒன்று இந்தச் சொல்லால் நேர்ந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அகராதியில் இதற்குப் பத்துப் பதினைந்து பொருள்கள் இருக்கும். அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரே ஒரு படத்தை மனதில் இருத்திக்கொண்டால் ஏறக்குறைய எல்லாப் பொருளும் அதிலிருந்தே பிறப்பது தெரியும். அந்தப் படத்திலிருந்தே தொடங்குவோம்.

படி 1: வளையத்தைப் பாருங்கள்

ஒரு இரும்புச் சங்கிலியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள ஒற்றை வளையம்தான் 'லிங்க்'. 15-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்த சொல் இது. ஸ்காண்டிநேவிய மொழிகள் வழியாக வந்திருக்கலாம் என்பது சொல்லாய்வாளர்களின் கருத்து. உடலின் மூட்டைக் குறிக்கும் 'கெலெங்க்' என்ற ஜெர்மன் சொல் இதன் உறவுச்சொல். வளையம், மூட்டு இரண்டிலும் இருப்பது ஒரே எண்ணம்: வளைந்து கொடுக்கும், ஆனால் விட்டுப்போகாது.

தமிழில் இந்த வளையத்துக்குக் கண்ணி என்று பெயர். நம்மிடம் அந்தச் சொல்லும் இதேபோல் விரிந்திருக்கிறது. தொடுத்த பூமாலை கண்ணி, பறவையைப் பிடிக்கும் சுருக்கும் கண்ணி, இரண்டிரண்டு அடிகளாகத் தொடரும் பாட்டின் ஒரு பகுதியும் கண்ணி. ஆகவே 'லிங்க்' நமக்கு அந்நியமான எண்ணம் இல்லை.

வளையத்தில் மூன்று செய்திகள் இருக்கின்றன. முதலாவது, இணைந்த பிறகும் இரண்டு வளையங்களும் தனித்தனியாகவே இருக்கும், கலந்துவிடாது. இரண்டாவது, அவை தொட்டுக்கொள்வது ஒரே இடத்தில்தான். மூன்றாவது, ஒன்றை இழுத்தால் மற்றது அசையும். எங்காவது 'லிங்க்' போடலாமா என்று ஐயம் வந்தால் இந்த மூன்றையும் சோதியுங்கள். பாலும் நீரும் கலப்பதற்கு இந்தச் சொல் பொருந்தாது. சுவரில் தாள் ஒட்டுவதற்கும் பொருந்தாது. இரண்டு ஊர்களைப் பாலம் சேர்ப்பதற்குப் பொருந்தும்: ஊர்கள் இரண்டாகவே இருக்கின்றன, பாலம் நடுவில் நிற்கிறது.

இந்த வளையம் ஒரு காலத்தில் நீள அளவாகவே இருந்தது. ஆங்கிலேயக் கணித அறிஞர் எட்மண்ட் கன்ட்டர் 1620-இல் நிலம் அளக்க ஒரு சங்கிலியை வகுத்தார். நீளம் 66 அடி, அதில் 100 கண்ணிகள், ஒரு கண்ணி 7.92 அங்குலம். 66 என்ற எண் விந்தையாகத் தோன்றும், ஆனால் பெருக்கிப் பார்த்தால் காரணம் விளங்கும். பத்துச் சதுரச் சங்கிலி சரியாக ஒரு ஏக்கர், அதாவது ஒரு இலட்சம் சதுரக் கண்ணி. பின்னக் கணக்கில் திணறியவர்களுக்குப் பத்தின் மடங்கில் கணக்கு எளிதானது. கிரிக்கெட் ஆடுகளத்தின் இரு முனை விக்கெட்டுகளுக்கும் நடுவே உள்ள 22 கெஜம் இதே ஒரு சங்கிலி நீளம்தான்.

படி 2: வாயில் சரியாக வர வேண்டும்

தமிழ் எழுத்தில் 'லிங்க்' என்று எழுதும்போது ஒரு சிக்கல் இருக்கிறது. ங் என்ற மெல்லினத்துக்குப் பின் வரும் ககரத்தை நாம் 'தங்கம்', 'சங்கு' என்பதுபோல் மென்மையாகச் சொல்லிப் பழகியவர்கள். ஆங்கிலத்தில் இங்கே வருவது 'பக்கம்' என்பதில் வரும் வல்லொலி. முதலில் 'லிங்' என்று சொல்லுங்கள், பிறகு 'பக்' என்று முடிப்பதுபோல் தொண்டையை அடைத்து நிறுத்துங்கள். கடைசியில் 'லிங்க்கு' என்று உகரம் ஒட்டிக்கொள்வது நம் நாவின் இயல்பு. ஆங்கிலத்தில் பேசும்போது அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

இறந்தகால வடிவத்தை 'லிங்க்கெட்' என்று இரண்டு அசையாகச் சொல்பவர்கள் பலர். அது ஓரசைதான்: 'லிங்க்ட்'. வல்லொலிக்குப் பின் வருவதால் கடைசி ஒலியும் வல்லின டகரமாகவே ஒலிக்கும். பன்மையான 'லிங்க்ஸ்' என்பதும், காட்டுப்பூனை இனத்தைச் சேர்ந்த ஒரு விலங்கின் பெயரும் ஆங்கிலத்தில் ஒரே மாதிரி ஒலிக்கும். பேச்சின் சூழலை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும்.

படி 3: பெயர்ச்சொல்லா, வினைச்சொல்லா

இரண்டுமே. பெயர்ச்சொல்லாக வரும்போது எண்ணத்தக்கது. ஆகவே ஒருமையில் முன்னால் 'எ' அல்லது 'தி' கட்டாயம். "தேர் இஸ் லிங்க்" என்பது தவறு, "தேர் இஸ் எ லிங்க்" என்பதே சரி. நம் மொழியில் "ஒரு தொடர்பு இருக்கிறது" என்றும் "தொடர்பு இருக்கிறது" என்றும் இரண்டு விதமாகவும் சொல்லலாம் என்பதால் இந்த எழுத்து நழுவிவிடுகிறது.

வினைச்சொல்லாக வரும்போது பெரும்பாலும் செயப்பாட்டு வினையாகவே காண்பீர்கள்: "இஸ் லிங்க்ட் டு". யார் இணைத்தார் என்று சொல்லாமலே இணைப்பு இருப்பதை மட்டும் சொல்லும் வடிவம் இது. செய்தியாளர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் இது ஏன் பிடிக்கும் என்பதை ஐந்தாம் படியில் பார்க்கலாம்.

படி 4: பின்னால் எந்த முன்னிடைச்சொல்

நடைமுறையில் மிகுதியாகத் தடுமாறும் இடம் இது. மூன்று சொற்களை மட்டும் தெளிவாகப் பிரித்துக்கொண்டால் போதும்.

'பிட்வீன்' என்பது நடுவில் நின்று பார்ப்பது. இரண்டு பொருளுக்கும் சம இடம் தருகிறீர்கள்: "தி லிங்க் பிட்வீன் ஸ்லீப் அண்ட் மெமரி". தமிழில் "தூக்கத்துக்கும் நினைவாற்றலுக்கும் இடையிலான தொடர்பு". 'பிட்வீன்' வந்தால் பின்னால் 'அண்ட்' வர வேண்டும், 'டு' வரக்கூடாது.

'டு' என்பதில் திசை இருக்கிறது. ஒன்று முதன்மை, மற்றொன்று அதை நோக்கிப் போகிறது. "ஒன் ஈவன்ட் இஸ் லிங்க்ட் டு அனதர்" என்றால் முதல் நிகழ்வைப் பற்றித்தான் பேச்சு. நம் நான்காம் வேற்றுமை போல என்று வைத்துக்கொள்ளலாம்.

'வித்' என்பது நம் 'உடன்', 'ஓடு'. இருவரும் சேர்ந்தே நிற்கும் உணர்வு அதில் உண்டு. நிறுவனங்கள், நாடுகள், மனிதர்கள் தமக்குள் வைத்துக்கொள்ளும் தொடர்புக்கு இது இயல்பாக வரும்: "தி யூனிவர்சிட்டி ஹேஸ் லிங்க்ஸ் வித் இண்டஸ்ட்ரி". இத்தகைய இடங்களில் பன்மை வடிவமே வழக்கம் என்பதையும் கவனியுங்கள். 'டு', 'வித்' இரண்டும் பல இடங்களில் மாற்றி மாற்றி வரும், அதற்காக அஞ்ச வேண்டாம்.

இவற்றுக்கு வெளியே ஒரு தவறு நம்மவர்களிடம் நிலைத்துவிட்டது. "வீடியோவோட லிங்க்" என்று பேசிப் பழகிய வாய், ஆங்கிலத்தில் "தி லிங்க் ஆஃப் தி வீடியோ" என்கிறது. ஆறாம் வேற்றுமையை அப்படியே கொண்டுபோனதால் வந்த வினை. "தி லிங்க் டு தி வீடியோ" என்பதே சரி. லிங்க் அந்த வீடியோவுக்குச் சொந்தமான பொருள் அன்று, அங்கே போகும் வழி. வழிக்குத் திசை வேண்டும், ஆகவே 'டு'.

'லிங்க் அப்' என்ற சேர்க்கை இரண்டு தரப்பு வந்து ஒன்றுசேர்வதைக் குறிக்கும்: விண்கலங்கள் இணைவது, இரு குழுக்கள் கைகோத்து வேலை செய்வது. இளைஞர் பேச்சில், குறிப்பாக ஜமைக்கா வழிவந்த லண்டன் பேச்சில், வெறும் 'லிங்க்' என்றாலே சந்திப்பது என்றும் பொருள் வரும்.

படி 5: "தொடர்பு" என்றால் "காரணம்" அன்று

இந்தப் படியில் சற்று நேரம் செலவிட வேண்டும். என் தவறும் இங்கேதான் நேர்ந்தது. ஒரு உடல்நலக் கட்டுரையை மொழிபெயர்த்தபோது "இஸ் லிங்க்ட் டு" என்றிருந்ததை "ஏற்படுத்துகிறது" என்று எழுதிவிட்டேன். ஓட்டமாக இருந்தது, படிக்க நன்றாக இருந்தது. அதைப் படித்த ஒருவர் தான் வழக்கமாக உட்கொள்ளும் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்டபோதுதான் நான் செய்தது எவ்வளவு பெரிய பிழை என்று புரிந்தது. மூலக் கட்டுரை அப்படிச் சொல்லவே இல்லை.

ஊன்றுகோல் வைத்திருக்கும் முதியவர்கள், வைத்திருக்காதவர்களைவிட அதிகம் விழுகிறார்கள் என்று ஒரு கணக்கெடுப்பில் தெரியவந்ததாக வைத்துக்கொள்வோம். ஊன்றுகோலுக்கும் விழுவதற்கும் 'லிங்க்' இருக்கிறது என்று எழுதினால் அது உண்மை. ஊன்றுகோல் விழச்செய்கிறது என்று எழுதினால் பொய். காலில் வலுவில்லாததுதான் இரண்டுக்கும் காரணம். சங்கிலியில் இரண்டு வளையங்கள் சேர்ந்து அசைவதைப் பார்க்கிறோம். எது எதை இழுத்தது, அல்லது மூன்றாவது ஒன்று இரண்டையும் இழுத்ததா என்பதை அந்த அசைவு மட்டும் சொல்லாது.

தொடர்பிலிருந்து காரணத்துக்குப் போகும் வழி எவ்வளவு நீண்டது என்பதற்குப் புகைபிடித்தல் நல்ல சான்று. ரிச்சர்ட் டால், ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1950-இல் புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டும் ஆய்வை வெளியிட்டார்கள். அதோடு நிற்கவில்லை. 1951-இல் சுமார் 40,000 பிரிட்டிஷ் மருத்துவர்களிடம் அவர்கள் புகைபிடிக்கும் பழக்கத்தைக் கேட்டுப் பதிவுசெய்து, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். பல நாடுகளில் வேறு ஆய்வுகளும் நடந்தன. அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை, ஆண்களின் நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைபிடித்தல் காரணம் என்று வெளிப்படையாகச் சொன்னது 1964-இல். 'லிங்க்' என்ற சொல், காரணம் எனப் பொருள்படும் 'காஸ்' என்ற சொல்லாக மாற இத்தனை உழைப்பு தேவைப்பட்டது. அதை நாம் மொழிபெயர்ப்பில் ஒரே நொடியில் மாற்றிவிடக் கூடாது.

எனவே ஆங்கிலச் செய்தியைப் படிக்கும்போது வினைச்சொல்லின் வலுவை அளந்து பாருங்கள். "மே பி லிங்க்ட் டு" என்றால் "தொடர்பு இருக்கக்கூடும்". "இஸ் லிங்க்ட் டு" என்றால் "தொடர்புடையது", "தொடர்பு காணப்படுகிறது". "காஸஸ்" அல்லது "லீட்ஸ் டு" என்றிருந்தால் மட்டுமே "ஏற்படுத்துகிறது", "காரணமாகிறது".

குற்றச் செய்திகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். ஒருவர் ஒரு கும்பலோடு "லிங்க்ட்" என்று எழுதினால், அவர் அந்தக் கும்பலைச் சேர்ந்தவர் என்று பொருள் இல்லை. ஏதோ ஒரு புள்ளியில் தொட்டிருக்கிறார் என்று சொல்லப்படுகிறது, அவ்வளவுதான். "கும்பல் உறுப்பினர்" என்று தமிழில் எழுதிவிட்டால் ஒரு மனிதரின் பெயரைக் கெடுத்த பழி நம்மைச் சேரும்.

படி 6: வாக்கியத்துக்குள் இருக்கும் கண்ணி

ஆங்கில இலக்கணத்தில் 'லிங்க்கிங் வெர்ப்' என்று ஒரு வகை உண்டு. எழுவாயையும் அதைப் பற்றிய பெயரையோ பண்பையோ கோக்கும் வினை. 'இஸ்', 'ஆர்', 'வாஸ்' தொடங்கி 'பிகம்', 'சீம்', 'லுக்', 'ஃபீல்', 'சவுண்ட்', 'ஸ்மெல்', 'ரிமெய்ன்' வரை பல இருக்கின்றன.

தமிழுக்கு இந்தக் கண்ணி தேவையே இல்லை. "அவர் மருத்துவர்" என்றால் வாக்கியம் முடிந்தது. எழுவாயும் பெயர்ப் பயனிலையும் அருகருகே நின்றாலே போதும். ஆங்கிலத்தில் இரண்டு வளையங்களுக்கும் நடுவே ஒரு கண்ணி இல்லாவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். "ஹி டாக்டர்" என்று தொடக்கநிலையில் பேசுபவர்களுக்கு அறிவு போதவில்லை என்று நினைப்பது அநியாயம். அவர்கள் தம் தாய்மொழியின் விதியைச் சரியாகப் பின்பற்றுகிறார்கள், இடம்தான் மாறிவிட்டது.

இதைவிட நுட்பமான இடறல் ஒன்று இருக்கிறது, நன்கு ஆங்கிலம் எழுதுபவர்களும் இதில் விழுவார்கள். தமிழில் "அவள் கோபமாக இருந்தாள்", "அவள் என்னைக் கோபமாகப் பார்த்தாள்" என்ற இரண்டிலும் 'கோபமாக' என்ற ஒரே வடிவம்தான். ஆங்கிலம் இவற்றை வேறுபடுத்தும். "ஷி லுக்ட் ஆங்ரி" என்றால் அவள் முகத்தில் கோபம் தெரிந்தது. "ஷி லுக்ட் ஆங்ரிலி அட் மீ" என்றால் கோபத்தோடு என்னைப் பார்த்தாள். முதல் வாக்கியத்தில் 'லுக்' வெறும் கண்ணி, இரண்டாவதில் உண்மையான செயல். கண்ணிக்குப் பின்னால் பெயரடை வரும், செயலுக்குப் பின்னால் வினையடை வரும்.

நம் 'ஆக' விகுதி இரண்டு வேலையையும் ஒன்றாகவே செய்வதால், "தி ஃப்ளவர் ஸ்மெல்ஸ் ஸ்வீட்லி" என்று எழுதத் தோன்றும். "ஸ்மெல்ஸ் ஸ்வீட்" என்பதே சரி. சோதிக்க எளிய வழி உண்டு. அந்த வினையை எடுத்துவிட்டு 'இஸ்' போட்டுப் பாருங்கள். "தி ஃப்ளவர் இஸ் ஸ்வீட்" என்று பொருள் ஏறக்குறைய நின்றால் அது கண்ணி வினை, பின்னால் 'லி' வேண்டாம். "ஷி இஸ் அட் மீ" என்பதுபோல் வாக்கியம் உடைந்தால் அது செயல் வினை.

வாக்கியத்தோடு வாக்கியத்தைக் கோக்கும் 'லிங்க்கிங் வேர்ட்ஸ்' பற்றி ஒன்றே ஒன்று சொன்னால் போதும். ஒரு மூட்டுக்கு ஒரு கண்ணிதான். "ஆல்தோ" என்று தொடங்கிவிட்டு நடுவில் "பட்" போடாதீர்கள். "பிகாஸ்" என்று தொடங்கிவிட்டு "ஸோ" போடாதீர்கள்.

படி 7: ஒலிகளைக் கோக்கும் கண்ணி

ஆங்கிலம் கேட்கும்போது சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு புரியாமல் போவதாகப் பலர் சொல்கிறார்கள். அதற்கும் 'லிங்க்கிங்' என்றுதான் பெயர். ஆனால் புணர்ச்சி இலக்கணம் படித்த தமிழர் இதற்குப் பயப்படத் தேவையில்லை, விதி ஏற்கெனவே கையில் இருக்கிறது.

மணி, அடித்தது என்ற இரண்டும் சேரும்போது நடுவில் யகரம் வருகிறது: மணியடித்தது. திரு, ஆரூர் சேரும்போது வகரம்: திருவாரூர். உடம்படுமெய் என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். இகர ஈகார ஐகாரங்களுக்குப் பின் யகரம், ஏனைய உயிர்களுக்குப் பின் பெரும்பாலும் வகரம். இப்போது ஆங்கிலத்தைக் கேளுங்கள். "ஐ ஆம்" என்பது 'ஐயாம்' என்று ஒலிக்கிறது. "ஸீ இட்" என்பதில் மெல்லிய யகரம் நுழைகிறது. "கோ அவே" என்பதில் உதடு குவிந்து வகரச் சாயல் வருகிறது. ஆங்கில வகரம் இங்கே உதடு குவித்துச் சொல்வது என்ற ஒரு வேறுபாட்டைத் தவிர, கொள்கை அதேதான். இரண்டு மொழிகளுக்கும் உறவில்லை. இரண்டு உயிரொலிகளை இடைவெளியின்றிச் சொல்ல நாவும் உதடும் எடுத்துக்கொள்ளும் வழி ஒன்றாக இருக்கிறது. எனக்கு இது எத்தனை முறை நினைத்தாலும் மகிழ்ச்சி தரும் ஒற்றுமை.

பிரிட்டிஷ் உச்சரிப்பில் 'ஃபார்' என்ற சொல்லின் கடைசி ரகரம் தனியாகச் சொல்லும்போது ஒலிக்காது. ஆனால் "ஃபார் அவே" என்று உயிரெழுத்து பின்னால் வந்தால் உயிர்பெற்றுவிடும். இதை 'லிங்க்கிங் ஆர்' என்கிறார்கள்.

படி 8: இணையத்தில் இருப்பது அரை வளையம்

'ஹைப்பர்டெக்ஸ்ட்' என்ற சொல்லை உருவாக்கி 1965-இல் எழுத்தில் கொண்டுவந்தவர் டெட் நெல்சன். 1968 டிசம்பர் 9 அன்று டக்ளஸ் எங்கல்பார்ட் கணினித் திரையில் ஒரு சொல்லைத் தொட்டு வேறொரு பகுதிக்குத் தாவுவதைக் கூட்டத்தின் முன் செய்துகாட்டினார். 1989-இல் சுவிட்சர்லாந்தில் உள்ள செர்ன் ஆய்வு நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ முன்வைத்த திட்டம்தான் இன்று நாம் பயன்படுத்தும் வலையாக வளர்ந்தது.

நெல்சன் விரும்பியது இருவழித் தொடர்பு: நான் உங்கள் பக்கத்தைச் சுட்டினால், உங்கள் பக்கத்துக்கும் அது தெரிய வேண்டும். உண்மையான சங்கிலி வளையம் அப்படித்தான், இரண்டும் ஒன்றையொன்று பிடித்திருக்கும். வலையில் நிலைத்தது ஒருவழித் தொடர்பு. நான் யாரையும் கேட்காமல் எந்தப் பக்கத்தையும் சுட்டலாம், வலை இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு அந்தச் சுதந்திரமும் ஒரு காரணம். ஆனால் சுட்டப்பட்ட பக்கம் இடம் மாறினாலோ அழிந்தாலோ என் லிங்க்குக்கு அது தெரியாது. வெறுமையில் போய் நிற்கும், 404 என்ற எண் வரும். இப்படிப் போனதை 'ப்ரோக்கன் லிங்க்', 'டெட் லிங்க்' என்பார்கள். நான்காம் படியில் இந்த லிங்க்குக்கு 'டு' மட்டுமே பொருந்தும் என்று பார்த்தோம் அல்லவா, அந்த ஒருவழித் திசை இலக்கணத்திலேயே பதிந்திருக்கிறது.

வலைப்பக்கம் எழுதக் கற்பவர்களுக்கு ஒரு குறிப்பு. எச்டிஎம்எல் மொழியில் 'லிங்க்' என்றே ஒரு குறிச்சொல் இருக்கிறது, ஆனால் நாம் சொடுக்கும் லிங்க்கை உருவாக்குவது அது இல்லை. சொடுக்கும் லிங்க்குக்கு 'ஏ' என்ற ஓரெழுத்துக் குறிச்சொல், நங்கூரம் எனப் பொருள்படும் 'ஆங்கர்' என்பதன் சுருக்கம். 'லிங்க்' குறிச்சொல் பெரும்பாலும் வடிவமைப்புக் கோப்பைப் பக்கத்தோடு சேர்க்கப் பயன்படுகிறது.

லிங்க் வைக்கும்போது "இங்கே சொடுக்கவும்" என்ற சொற்களில் வைக்காதீர்கள். பார்வையற்றவர்கள் திரைவாசிப்பானில் ஒரு பக்கத்தின் லிங்க்குகளை மட்டும் பட்டியலாகக் கேட்க முடியும். "இங்கே, இங்கே, இங்கே" என்று கேட்டால் எது எங்கே போகும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? "விண்ணப்பப் படிவத்தைப் பதிவிறக்குக" என்று போகும் இடத்தின் பெயரிலேயே லிங்க் வையுங்கள்.

லிங்க் பெறும்போது, திரையில் தெரியும் எழுத்தும் உண்மையில் போகும் இடமும் வெவ்வேறாக இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். முகவரியில், தொடக்கத்து இரட்டைச் சாய்கோட்டுக்குப் பின் வரும் முதல் ஒற்றைச் சாய்கோடு வரை உள்ள பகுதியை எடுத்து, வலமிருந்து இடமாகப் படியுங்கள். அதன் வலக்கோடிதான் உரிமையாளரைக் காட்டும். 'உங்கள்வங்கி.எக்ஸாம்பிள்.காம்' என்றிருந்தால் அது வங்கியின் தளம் அன்று, 'எக்ஸாம்பிள்.காம்' வைத்திருப்பவரின் தளம்.

படி 9: மரபுத்தொடர்களும் அகராதியின் பொய் உறவுகளும்

'வீக்கஸ்ட் லிங்க்' என்ற தொடரின் பின்னே ஒரு தருக்கம் இருக்கிறது. ஸ்காட்லாந்து மெய்யியலாளர் தாமஸ் ரீட் 1785-இல், வாதச் சங்கிலியின் முடிவு அதன் மிக மெலிந்த கண்ணியைவிட உறுதியாக இருக்க முடியாது என்ற கருத்தை எழுதினார். ஸ்வீடன் பொறியாளர் வலோடி வெய்புல் 1939-இல் பொருள்கள் முறியும் விதத்தை இதே எண்ணத்தில் கணிதமாக்கினார். இந்தத் தொடரை ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் அமைப்புக்கு மட்டும் பயன்படுத்துங்கள். கயிற்றில் ஒரு இழை அறுந்தால் மற்ற இழைகள் பாரத்தைத் தாங்கும், சங்கிலியில் அந்த வாய்ப்பில்லை. குழுவில் மெதுவாக வேலை செய்பவரைச் சட்டென்று 'வீக் லிங்க்' என்று சொல்வதற்கு முன், உங்கள் குழு சங்கிலியா கயிறா என்று யோசிப்பது நல்லது.

'மிஸ்ஸிங் லிங்க்' என்றால் விடுபட்ட கண்ணி. துப்பறிவதில், ஆராய்ச்சியில் இன்றும் பொருத்தமாகவே வரும். உயிரியலில் மட்டும் கவனம் தேவை. டார்வினின் நூல் 1859-இல் வந்தது. இரண்டே ஆண்டில், 1861-இல் ஜெர்மனியில் பறவையின் இறகும் ஊர்வனவற்றின் எலும்பு வாலும் ஒருங்கே கொண்ட ஆர்க்கியாப்டெரிக்ஸ் புதைபடிவம் வெளியுலகுக்குத் தெரிந்தது. விடுபட்ட கண்ணி கிடைத்தது என்று கொண்டாட நல்ல வாய்ப்புதான். ஆனால் உயிர்கள் ஒற்றைச் சங்கிலியாக வளரவில்லை, மரத்தின் கிளைகளாகப் பிரிந்தன. அதனால் இன்றைய உயிரியலாளர்கள் 'இடைநிலை வடிவம்' என்ற பொருளில் வேறு சொல்லையே விரும்புகிறார்கள்.

இரண்டு பொய் உறவுகளையும் அறிந்துகொள்ளுங்கள். கோல்ஃப் விளையாட்டில் கடலோர மணல்வெளி மைதானத்தை 'லிங்க்ஸ்' என்பார்கள். அது மேட்டுநிலத்தைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. பழைய லண்டன் தெருக்களில் இரவில் தீப்பந்தம் ஏந்தி வழிகாட்டிய சிறுவனுக்கு 'லிங்க்பாய்' என்று பெயர், அங்கே 'லிங்க்' என்றால் பந்தம். இரண்டுக்கும் நம் வளையத்தோடு உறவு இல்லை.

படி 10: பக்கத்துச் சொற்களிலிருந்து பிரித்தறிதல், பிறகு தமிழாக்குதல்

'கனெக்‌ஷன்' வளையத்தைவிட விரிந்தது. மின்சாரம், தொலைபேசி, ஒரு ரயிலிலிருந்து இறங்கி ஏறும் அடுத்த ரயில், செல்வாக்குள்ள ஆட்களின் பழக்கம் எல்லாம் அதில் அடங்கும். 'பாண்ட்' என்பதில் இறுக்கம் இருக்கிறது: தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே இருப்பது, அணுவுக்கும் அணுவுக்கும் இடையே இருப்பது. தமிழில் அதற்குப் பிணைப்பு பொருந்தும். 'டை' என்பதில் கட்டுப்பாட்டின் சாயல் உண்டு. நண்பரைப் பற்றி "ஐ ஹேவ் எ லிங்க் வித் ஹிம்" என்று சொன்னால் அன்பு தெரியாது, விசாரணையில் சொல்வதுபோல் இருக்கும். "வி ஷேர் எ பாண்ட்" என்று சொல்லுங்கள்.

தமிழில் எழுதும்போது எல்லா இடத்திலும் 'இணைப்பு' என்று போட்டுவிடுவது எளிது, ஆனால் மின்னஞ்சலில் அது குழப்பும். "இணைப்பைப் பார்க்கவும்" என்றால் கோப்பா, வலைமுகவரியா? கோப்புக்கு 'இணைப்பு' என்று வைத்துக்கொண்டு, வலைமுகவரிக்குச் 'சுட்டி' என்றோ வெறும் 'லிங்க்' என்றோ எழுதலாம். 'தொடுப்பு' எனக்குப் பிடித்த சொல், பூத்தொடுப்பதை நினைவூட்டும். ஆனால் பேச்சு வழக்கில் அதற்குத் தகாத உறவு என்ற பொருளும் இருப்பதால், வாசகர் யார் என்று பார்த்தே பயன்படுத்துகிறேன். 'சுட்டி' கணினி எலியையும் குறிக்கும் என்பதால் கருவிகளைப் பற்றிய கட்டுரையில் அதைத் தவிர்க்கிறேன்.

இனிப் பயிற்சி. கீழே உள்ள வாக்கியங்களின் தமிழ் வடிவத்தை நீங்களே எழுதிவிட்டு, என்னுடையதோடு ஒப்பிடுங்கள்.

"தி பிரிட்ஜ் லிங்க்ஸ் தி ஐலண்ட் டு தி மெயின்லண்ட்." பாலம் அந்தத் தீவை நிலப்பகுதியோடு இணைக்கிறது. ஆங்கிலத்தின் 'டு' இங்கே தமிழில் 'ஓடு' ஆகிவிட்டதைக் கவனியுங்கள். "நிலப்பகுதிக்கு இணைக்கிறது" என்று எழுதினால் தமிழ் இல்லை.

"தே லிங்க்ட் ஆர்ம்ஸ் அண்ட் வாக்ட்." கைகோத்து நடந்தார்கள். 'இணைத்து' என்ற சொல்லே வேண்டாம், நம் மொழியில் இதற்குக் 'கோத்தல்' இருக்கிறது.

"போலீஸ் ஆர் லிங்க்கிங் தி டூ கேஸஸ்." இரண்டு வழக்குகளுக்கும் தொடர்பு இருப்பதாகக் காவல்துறை கருதுகிறது. 'கருதுகிறது' என்பது ஆங்கிலத்தில் வெளிப்படையாக இல்லை, ஆனால் அதைச் சேர்க்காவிட்டால் தொடர்பு உறுதியாகிவிட்டதுபோல் படிக்கத் தோன்றும்.

"லாங் அவர்ஸ் ஆஃப் சிட்டிங் ஆர் லிங்க்ட் டு ஹார்ட் டிசீஸ்." நீண்ட நேரம் உட்கார்ந்தே இருப்பதற்கும் இதயநோய்க்கும் தொடர்பு காணப்படுகிறது. 'ஏற்படுத்துகிறது' என்று உங்கள் தாளில் இருந்தால், ஐந்தாம் படியை இன்னொரு முறை படித்துவிட்டு அந்த வாக்கியத்தை மட்டும் திருத்தி எழுதுங்கள்.